மலையும் நமக்கு அண்டை வீடே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

 

    

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டபின் இமாமைச் சில நிமிடங்கள் பேசும்படி பணிப்பது வழக்கம். வழக்கமாகத் தொழுகை, நோன்பு, மக்தப் கல்வி ஆகியவை பற்றியே பேசுவேன். இவ்வாண்டு பொருளாளர் அவர்கள் செலவினங்களை வாசித்தபோது, ‘தண்ணீர் வரி’ என்ற ஒரு வரியில் என் மனம் நின்றுவிட்டது. அவர் அடுத்த இனத்திற்குச் சென்றுவிட்டார், நான் செல்லவில்லை. அந்த ஒரு வரியே இன்றைய என் உரைக்குத் தலைப்பாக அமைந்தது.

ஹவுளில் நிற்கும் தண்ணீர்

நாம் நாளொன்றுக்கு ஐந்து முறை ஒளுச் செய்யும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாயிலிருந்து என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். நகராட்சியிலிருந்து என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதற்கும் அப்பால் சற்று நோக்குங்கள். நமது பெரியகுளம் நகரின் குடிநீர், கொடைக்கானல் மலைக்கு மேல், அடர்ந்த காட்டின் நடுவே இருக்கும் பேரிஜம் ஏரியிலிருந்து வருகிறது. தென்கரை என்றும் வடகரை என்றும் நம் ஊரை இரண்டாக வகுத்துக்கொண்டு ஓடும் வராக நதியும் அம்மலைகளில் பிறந்ததே. அதன் குறுக்கே ஊருக்கு மேற்கே நிற்கும் சோத்துப்பாறை அணையின் உயரம் 126.28 அடி. அது நிரம்பினால் நம் வயல்களும் தோப்புகளும் நிரம்பும். நம் கிணறுகளும் ஊறும். கும்பக்கரையில் விழும் பாம்பாற்றுத் தண்ணீரும் வட்டக்கானல், வெள்ளகவிப் பக்கம் பெய்யும் மழையே.

ஆக, ஹவுளில் முகம் கழுவும் ஒவ்வொரு முறையும் நாம் மலையைத் தொடுகிறோம். மலையைத் தொடும் நாம், மலையில் வாழும் மனிதர்களை எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

வெள்ளகவி என்ற ஊரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சின்னூர், பெரியூர் என்ற பெயர்களை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அகமலை, கண்ணக்கரை, ஊரடி, ஊத்துக்காடு எந்தத் திசையில் இருக்கின்றன என்று எத்தனை பேர் சொல்ல முடியும்? துபாயும் மலேசியாவும் நமக்குத் தெரியும். நம் பள்ளியின் மாடியில் நின்றால் கண்ணுக்கு நேரே தெரியும் மலையில் உள்ள ஊர்கள் நமக்குத் தெரியாது. இதைப் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. இவ்வூருக்கு இமாமாக வந்து பல ஆண்டுகள் வரை எனக்கும் தெரியாது.

பாதை முதலில் இங்கிருந்தே ஏறியது

பெரியோர்களே! இன்று கொடைக்கானலை உலகம் அறியும். ஆனால் கொடைக்கானல் என்னும் நகரம் தோன்றுவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது. 1821-ஆம் ஆண்டு, பழனி மலைகளை அளக்க வந்த லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேயர், குன்னுவர் மக்கள் வாழ்ந்த வெள்ளகவியையே தம் தங்குமிடமாகக் கொண்டு, அங்கிருந்து மேலேறித்தான் இன்றைய கொடைக்கானல் பகுதியைக் கண்டார். அதன் பின்னர் மதுரை ஆங்கிலேய அதிகாரிகள் மலைமேல் பங்களா கட்டினர். 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் குடியேறினர். 1854-இல் மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு 12 மைல் நீளத்தில் குதிரைப் பாதை ஒன்று செப்பனிடப்பட்டது.

1875-இல் அம்மையநாயக்கனூரில் ‘கொடைக்கானல் ரோடு’ இரயில் நிலையம் அமைந்த பிறகும், பயணிகள் அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, பிறகு நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் சுமக்கும் பல்லக்கிலோதான் மேலே சென்றார்கள். அப்பல்லக்குகளைச் சுமந்த தோள்கள் நம் அடிவாரத்து மக்களின் தோள்களும் மலை மக்களின் தோள்களுமே. 1914-க்குப் பிறகு வத்தலக்குண்டு பக்கமிருந்து காமக்காபட்டி வழியாக மோட்டார் செல்லும் மலைச்சாலை வந்தது.

அன்று நடந்தது என்ன? சாலை வந்த பக்கம் வளர்ந்தது. பழைய பாதையின் ஓரத்தில் இருந்த ஊர்கள் மறைந்தன. அவை அழியவில்லை, நம் பார்வையிலிருந்து மறைந்தன. கொடைக்கானலுக்கு வழிகாட்டிய வெள்ளகவியே, அதன்பின் தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாத ஊராக நின்றது. உப்பும் அரிசியும் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும் சென்றன. நோயாளிகள் கம்பும் கம்பளியும் கொண்டு கட்டிய டோலியில் இறங்கினார்கள். முன்னோடியாக இருந்தவரை மறந்துவிடுவது உலக வழக்கம். அது நல்ல வழக்கம் அன்று.

காகிதத்தில் ஒரு மாவட்டம், வாழ்க்கையில் ஓர் ஊர்

அடுத்து ஒரு செய்தியைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். ஒரு காலத்தில் பெரியகுளமும் கொடைக்கானலும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தன. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. கொடைக்கானல் அதனுடன் சென்றது. 1996-இல் தேனி தனி மாவட்டமாயிற்று. பெரியகுளம் இதனுடன் வந்தது. நிர்வாக வசதிக்காக இப்படிப் பிரிப்பது தேவையான காரியமே. ஆனால் மலைச்சரிவில் வாழும் மனிதர்களுக்கு இதனால் ஏற்பட்ட சிரமம் சிறிதன்று.

சின்னூரும் பெரியூரும் வெள்ளகவி ஊராட்சியைச் சேர்ந்தவை. ஊராட்சி கொடைக்கானல் ஒன்றியத்தில், மாவட்டம் திண்டுக்கல். ஆனால் அம்மக்கள் கீழே இறங்கினால் கால் வைப்பது நம் பெரியகுளத்து மண்ணில். அவர்கள் விளைபொருள் விற்பது நம் கடைவீதியில். பிரசவத்திற்கும் பாம்புக்கடிக்கும் வருவது நம் அரசு மருத்துவமனைக்கு. ஒரு சான்றிதழில் கையொப்பம் வேண்டுமென்றால் மட்டும் மலையை மறுபடி சுற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குச் செல்ல வேண்டும். அகமலை ஊராட்சியோ தேனி மாவட்டத்திலேயே இருப்பினும் போடிநாயக்கனூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. அவர்களும் சோத்துப்பாறை வழியாக இறங்கி வருவது நம் ஊருக்கே.

காகிதம் அவர்களை வேறு மாவட்டத்தார், வேறு ஒன்றியத்தார் என்கிறது. கால்கள் அவர்களை நம் அண்டை வீட்டார் என்கின்றன. அண்டை வீட்டாரை முடிவு செய்வது காகிதமா, கால்களா? என் மனம் கால்களின் பக்கமே நிற்கிறது. 

மழைக்காலத்தில் இது இன்னும் கடுமையாகிறது. கல்லாற்றில் வெள்ளம் வந்தபோதெல்லாம் சின்னூர், பெரியூர் மக்கள் ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் காத்து நின்றதைப் பல ஆண்டுகள் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். கும்பக்கரைப் பக்கமிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்குச் செல்லும் சாலை அமைந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அச்சாலையிலும் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்ற காலங்கள் பல. மலையில் சாலை போடுவது ஒரு வேலை; போட்ட சாலையை மழையிலிருந்து காப்பது தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை.

தலைச்சுமையும் தராசும்

சகோதரர்களே! மலைக்கும் நமக்கும் உள்ள உறவு தண்ணீரோடு முடிந்துவிடவில்லை. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பங்களில் மலைச்சரக்கு வணிகத்தால் வளர்ந்தவை உண்டு. காப்பி, மிளகு, எலுமிச்சை, இலவம்பஞ்சு, மலைவாழை, தேன், கடுக்காய் ஆகியவையெல்லாம் மேலிருந்து வருபவை. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் மலைப்பூண்டு, அடிவாரத்தில் உள்ள வடுகபட்டிச் சந்தைக்கு வந்துதான் வெளியூர் செல்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டின் பெயர் உயர்ந்தது. அதைத் தோண்டியெடுத்த கைகளின் நிலை அதே அளவு உயர்ந்ததா என்று வணிகம் செய்வோர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் வணிகன் அல்லன். ஆனால் கொடுக்கல் வாங்கல் பற்றிய சட்டங்களை ஓதியவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல எனக்குக் கடமை உண்டு.

முதலாவது: சந்தைக்குச் சரக்கு கொண்டுவரும் கூட்டத்தாரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை இன்னதென்று அவர்கள் அறியுமுன் வாங்கிக்கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதற்கு மார்க்கச் சட்ட நூல்களில் தனிப்பெயரே உண்டு. மதரஸாவில் இதை ஓதியபோது, பாலைவனத்து ஒட்டகக் கூட்டங்களுக்கு மட்டும் உரிய சட்டம் என்று எண்ணியிருந்தேன். இங்கு வந்தபின், விடியற்காலையில் மலையடிவாரத்திலே போய் நின்று, மூட்டையை இறக்குமுன் விலை பேசி முடிக்கும் காட்சியைக் கண்டபோதுதான் அச்சட்டத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. இருபது கிலோ சுமையைத் தலையில் வைத்துப் பல மைல் இறங்கி வந்தவன், கழுத்து வலியில் எந்த விலைக்கும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை முழுச் சம்மதம் என்று கொள்ள முடியுமா?

இரண்டாவது: முன்பணம். மழைக்காலத்தில் மலைக் குடும்பங்கள் கடன் கேட்கின்றன, மண்டியில் கொடுக்கிறார்கள். கொடுப்பது நன்மையே. ஆனால் ‘என்னிடமே சரக்குப் போட வேண்டும்; நான் சொல்லும் விலைக்கே போட வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கொடுத்தால், அக்கடனால் கொடுத்தவருக்குப் பயன் திரும்புகிறது. அப்படித் திரும்பும் பயன் வட்டியின் வாசலில் நிற்கிறது என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. வங்கி வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் நாம், தராசின் வழியாக வட்டி வீட்டிற்குள் வந்துவிட இடம் கொடுக்கலாகாது. இதில் பேணுதலாக நடக்கும் வணிகர்களும் நம் ஜமாஅத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் துஆச் செய்கிறேன். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து நடக்க வேண்டும்.

காட்டுப் பொருள் சேகரிக்கும் பளியர் மக்களின் உரிமையை, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேனும் கடுக்காயும் கல்பாசியும் அவர்களுடைய உரிமைப் பொருள்கள். யாரோ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தவை அல்ல. வாங்குவோரும் அந்த மரியாதையோடு வாங்க வேண்டும்.

ஒரு மழை இரவு

பெரியோர்களே! இதுவரை ஊரைப் பற்றியும் வணிகத்தைப் பற்றியும் பேசினேன். இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கினால் இந்த மிம்பருக்கு நான் உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவு. இஷாத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துவிட்டார்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மோதினார் வெளிக்கதவைப் பூட்டப் போனவர் திரும்பி வந்து, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்றார். சென்று பார்த்தேன். வயதான ஒருவர், ஓர் இளைஞர், தோளில் குழந்தையுடன் ஒரு பெண். குழந்தைக்குக் காய்ச்சல். மருத்துவமனையில் மருந்து வாங்கிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டவர்கள், ஆற்றில் வெள்ளம் என்று தெரிந்து பாதி வழியில் திரும்பியிருக்கிறார்கள்.

பெரியவர் சொன்னார்: “பாய், ஆத்துல தண்ணி கூடிப்போச்சு. விடியிற வரைக்கும் இந்தத் திண்ணையில ஒதுங்கிக்கிறோம். உள்ள வரல.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சற்றுப் பொறுங்கள், நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். செயலாளருக்குத் தொலைபேசி செய்தேன். அவர் உறங்கிவிட்டார் போலும். இன்னொருவரின் எண்ணைத் தேடி அறைக்குள் சென்றேன். எண் கிடைத்து, பேசி, சம்மதமும் பெற்று வெளியே வந்தபோது திண்ணை காலியாக இருந்தது. ஈரக் கால்களின் தடம் மட்டும் இருந்தது.

மோதினார் குடையோடு கடைவீதி வரை சென்று தேடினார், காணவில்லை. ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே அவர்கள் இரவைக் கழித்ததாகவும், குழந்தைக்குக் காய்ச்சல் மிகுந்து மறுநாள் மருத்துவமனையில் சேர்த்ததாகவும் பின்னர் தெரிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் குழந்தை பிழைத்தது.

நமது கமிட்டி மறுக்கவில்லை. கேட்டவுடன் சம்மதம் கொடுத்தார்கள். திண்ணைக்குக் கூரை உண்டு. விரிக்கப் பாய் உண்டு. அறையில் என் போர்வையும் உண்டு. தடையாக நின்றது ஒன்றே ஒன்று: என் தயக்கம். ‘நாளை யாராவது ஏன் என்று கேட்டால்?’ என்ற அச்சம். மழையில் நிற்கும் குழந்தையைக் காட்டிலும் அக்கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

மக்ரிபுக்குப் பின் நம் பள்ளி வாசலில் தாய்மார்கள் குழந்தைகளுடன் நிற்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். எல்லாச் சமயத்தாரும் நிற்கிறார்கள். மலையிலிருந்து இறங்கியவர்களும் நிற்கிறார்கள். நான் ஓதி ஊதுகிறேன். அந்த இரவுக்குப் பின் இரண்டு மாதம் கழித்து அதே பெரியவர் அந்தக் கூட்டத்தில் நின்றார். கையில் ஒரு துணிப்பையில் எலுமிச்சம்பழங்கள். “புள்ள நல்லாருக்கு, அஜரத்து. ஒருதரம் ஊதி விடுங்க” என்றார். திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், சொல் வரவில்லை. ஓதி ஊதத் தெரிந்த எனக்கு, ஒதுங்க இடம் கொடுக்கத் தெரியவில்லையே என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

மார்க்கம் காட்டும் வழி

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அண்டை வீட்டார் முஸ்லிமாக இருந்தாலும், அல்லாதவராக இருந்தாலும் அவருக்குரிய உரிமை உண்டு என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. நாற்பது வீடுகள் வரை அண்டை வீடு என்று விளக்கம் சொன்ன பெரியோர்களும் உண்டு. ஒரு மலையின் தண்ணீரைக் குடிக்கும் ஊருக்கு அந்த நாற்பதாவது வீடு எங்கே இருக்கிறது? மலை உச்சியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நம் வரலாற்றையும் நினைவு கூர்வோம். மக்காவில் கொடுமை தாங்காத நபித்தோழர்கள், சுமார் 615-ஆம் ஆண்டு கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றார்கள். அதுவும் ஒரு மலைநாடு. அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி அப்போது கிறிஸ்தவர். தம் மதத்தைச் சேராத, கையில் பொருளில்லாத அகதிகளுக்கு அவர் இடம் கொடுத்தார். திருப்பி அனுப்புங்கள் என்று பரிசுகளோடு வந்து கேட்ட குறைஷிகளுக்கு அவர் இணங்கவில்லை. மலைநாட்டார் ஒருவர் திறந்த வாசலில் ஒதுங்கித் தப்பியது நம் சமுதாயம். அந்தக் கடனை எங்கே, யாரிடம் திருப்பிச் செலுத்துவது?

தொலைவுக்குப் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே ஒரு நிகழ்ச்சி. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற வெளியூர்க்காரர்கள் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. அந்த இரவில், அதிகாரிகளோடு சேர்ந்து, அம்மலையை நன்கறிந்த உள்ளூர் மக்களும் இருட்டில் ஏறி மீட்புப் பணி செய்தார்கள். தீயில் சிக்கியவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

சில ஐயங்கள்

இவ்வாறு நான் பேசுவேன் என்று அறிந்த சிலர் முன்கூட்டியே என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

‘நம் மஹல்லாவிலேயே ஏழைகள் இருக்கிறார்களே?’ என்று கேட்டார்கள். உண்மை. அவர்களுக்குரியதில் ஒரு காசும் குறைக்கச் சொல்லவில்லை. ஜகாத்தின் சட்டம் வேறு. அதற்குரியவர்களை மார்க்கம் வரையறுத்துவிட்டது. அந்நிதியைத் தொடச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, கமிட்டிக்கும் இல்லை. வக்ஃபுச் சொத்தின் வருமானமும் வக்ஃபு செய்தவரின் நிபந்தனைப்படியே செலவிடப்பட வேண்டும். நான் கேட்பது ஸதகா என்னும் பொதுத் தர்மம். அதன் வாசல் எல்லா மனிதருக்கும் திறந்தது.

‘பாலமும் சாலையும் அரசு செய்ய வேண்டியவை அல்லவா?’ என்றார்கள். அதுவும் உண்மையே. மலை மக்கள் கேட்கும்போது நகரத்தாரும் சேர்ந்து கேட்டால் அக்குரலுக்கு வலு கூடும். அம்மனுக்களில் நம் ஜமாஅத்தின் கையொப்பமும் இருக்கட்டும். ஆனால் பாலம் வந்தாலும் மழை வரும். சாலை வந்தாலும் மண் சரியும். அந்த ஓர் இரவுக்குப் பாய் விரிக்க அரசாணை தேவையில்லை.

நான்கு வேண்டுகோள்கள்

நிர்வாகக் கமிட்டியின் பரிசீலனைக்கு நான்கு வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: பள்ளிவாசலுக்கு வெளியே உள்ள கட்டடத்தின் மாடியில் ஓர் அறை சாமான்கள் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதனை ஒழித்து, ஐப்பசி முதல் மார்கழி முடிய, வழியில் தடைப்பட்டு நிற்கும் எவரும் இரவு தங்க ஏற்பாடு செய்ய வேண்டும். பத்துப் பாய்கள், பத்துப் போர்வைகள், ஒரு விளக்கு, குடிதண்ணீர், கழிப்பறை வசதி போதும். குடும்பத்தோடு வருவோருக்காக நடுவில் ஒரு மறைப்பு வேண்டும். சாவி மோதினாரிடம் இருக்கட்டும். கொடுப்பதற்கு அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். முதல் இரண்டு போர்வைகள் என் பங்கு.

இரண்டு: நம் ஜமாஅத்தின் ஆம்புலன்ஸ் வண்டி, டோலியில் இறக்கப்படும் நோயாளிக்காகச் சோத்துப்பாறை வரையிலோ கும்பக்கரை வரையிலோ அழைத்தால் செல்ல வேண்டும். அரசின் 108 வண்டி வந்துவிட்டால் நல்லது. வரத் தாமதமாகும்போது நம் வண்டி கொட்டகையில் நிற்கலாகாது. வாடகை கேட்க வேண்டாம். மதமும் கேட்க வேண்டாம். ஓட்டுநரின் தொலைபேசி எண்ணை மலை ஊர்ப் பெரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்கட்டும்.

மூன்று: மலைச்சரக்கு வணிகம் செய்யும் நம் சகோதரர்கள், அன்றைய சந்தை விலையைக் கடை முகப்பில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். விற்பவரின் கண்முன்னே எடை போட வேண்டும்; எடையும் விலையும் கழிவும் எழுதிய சீட்டுக் கொடுக்க வேண்டும். முன்பணம் கொடுத்தால் கடனாகவே கொடுத்து, கடனாகவே திரும்பப் பெற வேண்டும். விலையை அதில் கட்ட வேண்டாம். இதைச் சட்டமாக்க ஜமாஅத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒருவர் தொடங்கினால் மற்றவர் வெட்கப்பட்டாவது பின்தொடர்வார்.

நான்கு: இது இளைஞர்களுக்கு. பெருநாளைக்கு மறுநாள் நீங்கள் கூட்டமாகக் கும்பக்கரைக்கும் சோத்துப்பாறைப் பக்கமும் செல்கிறீர்கள். தடுக்கவில்லை, மகிழ்ச்சியாக இருங்கள். ஆனால் பிரியாணிப் பொட்டலமும் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் பாறை இடுக்கில் கிடக்கின்றன. அத்தண்ணீர் கீழே எத்தனையோ ஊரார் குடித்துக் குளிக்கும் தண்ணீர். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பாதையிலிருந்து இடையூறு தரும் பொருளை அகற்றுவது ஈமானைச் சேர்ந்த செயல் என்று படித்தவர்கள் நாம், நாமே இடையூறாகலாமா?

அன்பிற்குரியவர்களே! இவற்றுக்கு ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நம் ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவை அது எட்டவில்லை. பணம் பெரிதன்று, மனமே பெரிது.

இன்று இரவு வீடு திரும்பும்போது ஒருமுறை மேற்கே பாருங்கள். மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு விளக்குகள் தெரியும். இதுவரை அவற்றை அழகு என்று மட்டும் பார்த்திருப்போம். ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. அங்கே ஒரு தாய், கீழே தெரியும் நம் ஊரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் நம்பி இறங்கி வருவது இந்த விளக்குகளை நோக்கித்தான். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை நம் வாசலில் ஈரக் கால்களோடு யாரேனும் வந்து நின்றால், ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்ற வார்த்தை என் வாயிலிருந்தும் உங்கள் வாயிலிருந்தும் வராமல் அல்லாஹ் காப்பானாக! நம் ஹவுளையும், வராக நதியையும், அதனை நமக்கு அனுப்பும் மலையையும், அம்மலையில் வாழும் மக்களையும் அவன் தன் அருளில் வைத்திருப்பானாக! நம் சிறிய செயல்களை ஏற்று, பெரிய குறைகளை மன்னிப்பானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.